வேகத்தால் ஒட்டும் உலோகம்

மழைக்காலம் வந்துவிட்டால் சட்லஜ் ஆற்றுத் தண்ணீர் சாம்பல் நிறமாகிவிடும். இமயமலை வயதில் இளைய மலை. இன்னும் நொறுங்கிக்கொண்டே இருக்கிறது. நொறுங்கும் பாறைப் பொடியெல்லாம் ஆற்றில்தான் இறங்குகிறது. இமாச்சலப் பிரதேசத்தில் நாத்பா என்ற இடத்தில் இந்த ஆற்றை மடக்கி, மலையைக் குடைந்த 27 கிலோமீட்டர் நீளச் சுரங்கத்தின் வழியாகக் கொண்டுபோய், ஜாக்ரியில் உள்ள நிலத்தடி மின்நிலையத்தில் இறக்குகிறார்கள். உயர வித்தியாசம் 428 மீட்டர். ஆறு டர்பைன்கள், ஒவ்வொன்றும் 250 மெகாவாட். மொத்தம் 1,500 மெகாவாட் திறன் கொண்ட அந்த நிலையம் நாட்டின் பெரிய நீர்மின் நிலையங்களில் ஒன்று.

அங்கே பொறியாளர்களின் முதல் எதிரி மணல். தண்ணீரைச் சுரங்கத்துக்குள் விடும் முன், அரை கிலோமீட்டருக்கும் அதிக நீளமுள்ள நான்கு நிலத்தடி அறைகளில் ஓடவிட்டு வண்டலைப் படிய வைக்கிறார்கள். 0.2 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட மணல் அதில் தங்கிவிடும். அதைவிடப் பொடியானது தங்காது. அந்தப் பொடியில் கணிசமான பங்கு குவார்ட்ஸ். டர்பைன் செய்யும் துருப்பிடிக்காத எஃகைவிடக் கடினமான கனிமம் அது. வேகமாகப் பாயும் நீரோடு சேர்ந்து உலோகத்தில் மோதும்போது, உப்புத்தாள் போட்டுத் தேய்த்த வேலையை அது இரவு பகலாகச் செய்கிறது. நீரின் வேகம் இரட்டித்தால் தேய்மானம் ஏறக்குறைய எட்டு மடங்காகும் என்பது பொறியாளர்கள் கையாளும் கணக்கு. வண்டல் அளவுக்கு மீறினால் நிலையத்தையே நிறுத்திவிட்டு வெள்ளம் வடியும்வரை காத்திருக்கிறார்கள். ஒரு பருவம் முடிந்து திறந்து பார்த்தால் நீரைத் திருப்பிவிடும் தகடுகளின் விளிம்புகள் பல்பல்லாக அரிக்கப்பட்டிருக்கும்.

இதற்குக் கண்ட வழி, டர்பைனையே வேறு உலோகத்தில் வார்ப்பது அல்ல. நீர் மோதும் பாகங்களின் மேல் மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு கனத்துக்கு டங்ஸ்டன் கார்பைடு பூசுவது. தூரிகையால் பூசமுடியாத, முலாம் தொட்டியில் முக்கி எடுக்கமுடியாத பொருள் அது. அதைப் பொடியாக்கி, சூடாக்கி, ஒலியைவிட வேகமாக எஃகின் மேல் அறைகிறார்கள். தெர்மல் ஸ்ப்ரே என்று ஆலைகளில் அழைக்கப்படும் வெப்பத் தெளிப்பு முறை இதுதான். நம்மூர்ப் பட்டறைகளில் இதன் எளிய வடிவம் பல காலமாகப் புழங்குகிறது. பம்ப் ஷாஃப்ட் தேய்ந்துவிட்டால் "மெட்டல் ஸ்ப்ரே போட்டுக் கடைந்துவிடலாம்" என்று சொல்லும் பட்டறைக்காரர், இதே குடும்பத்தைச் சேர்ந்த வேலையைத்தான் சொல்கிறார்.

முறையின் அடிப்படை எளிது. ஒரு துப்பாக்கி. அதனுள்ளே வெப்பத்துக்கு ஓர் ஊற்று: எரியும் வாயு, மின்வில் அல்லது பிளாஸ்மா. அந்த வெப்பத்துக்குள் பூச்சுப் பொருளைப் பொடியாகவோ கம்பியாகவோ ஊட்டுகிறார்கள். அது உருகி அல்லது இளகி, வாயுவின் வேகத்தில் பறந்துபோய்ப் பரப்பில் மோதுகிறது. தலைமுடியின் கனத்தில் பாதிகூட இல்லாத துளி அது. மோதிய கணத்தில் தட்டையாகப் பரவி, ஒரு விநாடியின் லட்சத்தில் ஒரு பங்குக்குள் உறைந்துவிடுகிறது. சுவரில் அறைந்த வறட்டியை நினைத்துக்கொள்ளலாம்: கையிலிருந்து உருண்டையாகப் போகிறது, சுவரில் வட்டமாக அப்பிக்கொள்கிறது. அப்படி ஒன்றின் மேல் ஒன்றாகக் கோடிக்கணக்கான நுண்ணிய வில்லைகள் படிந்து அடுக்கானதுதான் பூச்சு.

துளி ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான டிகிரியில் வந்து மோதினாலும், பூச்சை ஏற்கும் பொருள் பெரும்பாலும் 150 டிகிரி செல்சியஸைத் தாண்டுவதில்லை. துளி அவ்வளவு சிறியது. அதில் உள்ள வெப்பமும் அவ்வளவே. வெல்டிங் செய்தால் இரும்பு நெளியும், அதன் உள் அமைப்பு மாறும். இங்கே அந்தப் பயம் இல்லை. ஆகவே கச்சிதமாகக் கடைந்து முடித்த ஷாஃப்ட் மேலும் பூசலாம், கான்கிரீட் மேலும் பூசலாம். உருகுநிலை சற்றும் ஒத்துப்போகாத இரண்டு பொருள்களை ஒன்றின் மேல் ஒன்றாக உட்கார வைக்கலாம். பீங்கானை இரும்போடு சேர்ப்பது வார்ப்புச்சாலையில் எளிதில் நடக்காத காரியம். இங்கே அது அன்றாட வேலை.

ஒட்டுவதற்கு முக்கியமான காரணம் வேதியியல் பிணைப்பு அல்ல, பிடிப்பு. அதனால் தெளிக்கும் முன் பரப்பைச் சொரசொரப்பாக்குகிறார்கள். அலுமினா போன்ற கூரிய துகள்களைக் காற்றழுத்தத்தில் அடித்து, துரு, எண்ணெய்ப் பிசுக்கு எல்லாவற்றையும் நீக்கி, நுண்ணிய மேடுபள்ளங்களை உண்டாக்குகிறார்கள். துளி அந்தப் பள்ளங்களுக்குள் புகுந்து உறையும்போது கொக்கிபோட்டுக்கொள்கிறது. இந்த வேலையில் நேரம் முக்கியம். இப்படித் துகளடித்த இரும்பைக் கடலோரக் காற்றில் சில மணி நேரம் போட்டுவைத்தால் கண்ணுக்குத் தெரியாத துரு படர்ந்துவிடும். அதன் மேல் பூசியது உரியும். பூச்சு தோற்றுப்போன இடங்களை ஆராய்ந்தால், துப்பாக்கியைவிட இந்த ஆரம்ப வேலையில்தான் பெரும்பாலும் குறை தென்படும்.

இந்த முறைக்குத் தந்தை என்று கருதப்படுபவர் ஜூரிக் நகரைச் சேர்ந்த மேக்ஸ் உல்ரிச் ஷூப். தோட்டத்தில் மகன் விளையாட்டுத் துப்பாக்கியால் ஈயக் குண்டுகளைச் சுவரில் சுட்டதையும், குண்டுகள் நசுங்கிச் சுவரில் ஒட்டியதையும் பார்த்து அவருக்கு இந்த யோசனை வந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியிருந்தாலும், 1910ஆம் ஆண்டை ஒட்டி அவர் உருகிய ஈயத்தையும் துத்தநாகத்தையும் தெளிக்கும் கருவிகளை உருவாக்கினார். பிறகு கம்பியைச் சுடரில் உருக்கித் தெளிக்கும் துப்பாக்கி வந்தது. அடுத்து, இரண்டு கம்பிகளுக்கிடையே மின்வில்லை உண்டாக்கி இரண்டையும் உருக்கித் தெளிக்கும் முறையும் வந்தது. உலோகத்தை வண்ணம்போல் அடிக்கலாம் என்பது அன்றைக்குப் பெரிய செய்தி.

ஷூப் தொடங்கிவைத்த துத்தநாகத் தெளிப்பு இன்றும் வழக்கொழியவில்லை. கடல்மேல் நிற்கும் பாலங்களுக்கு இதைவிட எளிய பாதுகாப்பு கிடைப்பது கடினம். துத்தநாகம் இரும்பைவிட எளிதில் அரிபடும் உலோகம். இரண்டும் தொட்டுக்கொண்டு உப்புநீரில் நனைந்தால் துத்தநாகம் முதலில் கரைந்து இரும்பைக் காப்பாற்றும். பூச்சில் கீறல் விழுந்தாலும் இந்தப் பாதுகாப்பு தொடரும் என்பதுதான் பெயிண்டுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு. அமெரிக்க வெல்டிங் சங்கம் 1953 தொடங்கி 19 ஆண்டுகள் கடற்கரைகளிலும் கடல்நீருக்குள்ளும் துத்தநாகமும் அலுமினியமும் தெளித்த மாதிரித் தகடுகளை வைத்துப் பார்த்தது. மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு அலுமினியம் தெளித்த எஃகு, அத்தனை ஆண்டுகள் கழித்தும் அரிக்கப்படாமல் இருந்தது. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் ரயில் பாலத்தின் எஃகுக்கும் துத்தநாகம் தெளித்து, அதன் மேல் எபாக்ஸியும் பாலிசிலாக்ஸேன் பெயிண்டும் பூசியிருக்கிறார்கள். 1914இல் திறந்த பழைய பாலத்தை உப்புக் காற்று என்ன செய்தது என்பதை ராமேஸ்வரம் போனவர்கள் கண்ணால் பார்த்திருப்பார்கள்.

ஆனால் துத்தநாகம் 420 டிகிரியில் உருகிவிடும் சாதுவான உலோகம். அலுமினா, சிர்கோனியா போன்ற பீங்கான் வகைகளுக்கு 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். சாதாரணச் சுடரில் அவற்றைப் பொடியாக முழுமையாக உருக்குவது சிரமம். 1950களிலும் 1960களிலும் பிளாஸ்மா துப்பாக்கி வந்தபோது அந்தத் தடை நீங்கியது. டங்ஸ்டன் முனைக்கும் செம்புக் குழாய்க்கும் இடையே மின்வில் எரிய, அதன் வழியே ஆர்கான் வாயுவைச் செலுத்துகிறார்கள். வாயு அணுக்கள் எலக்ட்ரான்களை இழந்து பிளாஸ்மாவாகி, 10,000 டிகிரிக்கும் மேலான வெப்பத்தில் பீறிட்டு வெளியேறுகின்றன. அந்த வெப்பத்தில் உருகாத பொருள் எதுவும் கிடையாது.

பிளாஸ்மாவின் பெரிய வெற்றி வானத்தில்தான் நடந்தது. ஜெட் எஞ்சினின் டர்பைனுக்குள் நுழையும் வாயு, அங்கே சுழலும் தகடுகளின் உலோகம் உருகும் வெப்பநிலையைவிடவும் சூடானது. தகடுகளின் உள்ளே காற்றைச் செலுத்திக் குளிர வைக்கிறார்கள். மேலே வெப்பம் கடத்தாத பீங்கானைப் பூசுகிறார்கள். அந்தப் பீங்கான் சிர்கோனியா. தனிச் சிர்கோனியாவால் பயனில்லை: சூடேறி ஆறும்போது அதன் படிக அமைப்பு மாறி, பருமன் நான்கைந்து சதவீதம் வீங்கும், பூச்சு பொடிப்பொடியாகும். அதில் யிட்ரியா என்ற ஆக்சைடைச் சேர்த்தால் இந்த மாற்றத்தைத் தடுக்கலாம். எவ்வளவு சேர்ப்பது? அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் இருந்த நாசா லூயிஸ் ஆய்வு மையத்தில் ஸ்டீபன் ஸ்டெகுரா என்ற ஆய்வாளர் 1970களில் வெவ்வேறு அளவுகளைச் சோதித்து, எடையில் 6 முதல் 8 சதவீதம் யிட்ரியா சேர்த்ததுதான் நீண்ட நாள் தாங்குகிறது என்று கண்டார். இத்தனை பத்தாண்டுகள் கழிந்தும் அந்தக் கலவைதான் இன்றும் எஞ்சின்களில் முதன்மையானது.

இதில் மனத்தை ஈர்ப்பது, பூச்சின் குறைகளே அதன் பலமாக இருப்பதுதான். வில்லைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும்போது இடையிடையே காற்றுத் துளைகளும் கீறல்களும் தங்கிவிடும். வேறு எந்தத் தொழிலிலும் இதைத் தரக்குறைவு என்று ஒதுக்கிவிடுவார்கள். வெப்பத் தடுப்புப் பூச்சில் பத்துப் பதினைந்து சதவீதம் துளைகள் இருக்கும்படி வேண்டுமென்றே தெளிக்கிறார்கள். பரப்புக்கு இணையாகக் கிடக்கும் கீறல்கள் வெப்பம் உள்ளே போவதை மறிக்கின்றன. கெட்டியான சிர்கோனியாவைவிடத் தெளித்த சிர்கோனியாவின் வெப்பக் கடத்தும் திறன் ஏறக்குறைய பாதிதான். குறுக்கே போகும் கீறல்கள், அடியில் உள்ள உலோகம் விரியும்போது பூச்சும் உடையாமல் இடம் கொடுக்க உதவுகின்றன. கால் மில்லிமீட்டர் கனத்தில் இப்படி ஓர் அடுக்கு இருந்தால் உலோகத்தின் வெப்பம் நூறு டிகிரிக்கும் மேல் குறைகிறது.

பீங்கானுக்கும் உலோகத்துக்கும் நடுவே இன்னொரு பூச்சு உண்டு. நிக்கல் அல்லது கோபால்ட்டோடு குரோமியம், அலுமினியம், சிறிது யிட்ரியம் சேர்த்த அந்தப் பூச்சு, துளைகள் வழியே வரும் ஆக்சிஜனை எதிர்கொண்டு, தன் மேல் மெல்லிய அலுமினா படலத்தை வளர்த்துக்கொள்கிறது. அந்தப் படலம் மெதுவாகக் கனக்கும். சில மைக்ரான்களைத் தாண்டிவிட்டால் அதன் அழுத்தத்தால் மேலே உள்ள பீங்கான் பெயர்ந்துவிடும். எஞ்சின் பூச்சின் ஆயுளைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இந்தப் படலத்தின் வளர்ச்சிதான்.

துளைகள் எப்போதும் நல்லவை என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு வேறு பாடமும் காத்திருந்தது. பாலைவன மணலோ எரிமலைச் சாம்பலோ எஞ்சினுக்குள் போனால், 1,200 டிகிரியை ஒட்டி உருகிக் கண்ணாடிக் குழம்பாகி, அதே துளைகளுக்குள் இறங்கி உறைகிறது. பிறகு பூச்சு வளைந்துகொடுக்காது; ஆறும்போது பாளம்பாளமாக உரியும். எஞ்சினுக்குச் சாம்பல் செய்யும் பல தீமைகளில் இதுவும் ஒன்று. 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்தின் எய்யாஃப்யாட்லாயோகுட்ல் எரிமலை வெடித்து ஐரோப்பிய வான்வெளியைப் பல நாள்கள் மூடியபோது உலகமே இந்த ஆபத்தைப் பற்றிப் பேசியது. காடோலினியம் சிர்கோனேட் போன்ற புதிய பீங்கான்கள் இதைச் சமாளிக்கின்றன. அவை குழம்போடு வினைபுரிந்து அதை விரைவில் படிகமாக்கி, மேலும் உள்ளே போகவிடாமல் அடைத்துவிடுகின்றன. இத்தகைய பீங்கான்களைப் பற்றியும், தெளிக்கும் தூரம், மின்சக்தி, பொடி ஊட்டும் வேகம் ஆகியவை துளைகளின் அளவை எப்படி மாற்றுகின்றன என்பது பற்றியும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் உற்பத்திப் பொறியியல் துறையில் விரிவாக ஆய்வு செய்திருக்கிறார்கள்.

ஜெட் எஞ்சினில் இன்னொரு பூச்சும் இருக்கிறது. அதன் வேலையே தேய்ந்துபோவது. சுழலும் தகட்டின் நுனிக்கும் சுற்றியுள்ள உறைக்கும் இடையே இடைவெளி எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு எரிபொருள் மிச்சம். ஆனால் உரசிவிட்டால் தகடு உடையும். ஆகவே உறையின் உட்புறத்தில் அலுமினியம் சிலிக்கான் உலோகத்தோடு பாலியெஸ்டர் பிளாஸ்டிக் கலந்து தெளிக்கிறார்கள். தகடு உரசும்போது பூச்சு நொறுங்கி வழிவிடும். தகடு தனக்கு வேண்டிய பள்ளத்தைத் தானே வெட்டிக்கொள்ளும். உலோகமும் பிளாஸ்டிக்கும் ஒரே பூச்சில் பக்கத்துப் பக்கத்து வில்லைகளாக உட்காருவது வெப்பத் தெளிப்பில் மட்டுமே சாத்தியம். குணம் வேறுபட்ட பொருள்களைச் சேர்த்துச் செய்யும் கூட்டுப் பூச்சு என்பதன் பொருளை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் கிடைப்பது அரிது. செயற்கை இழை ஆலைகளிலும் இதே குடும்பம் வேலை செய்கிறது. ஓடும் நூல் எஃகையே அறுத்துவிடும் என்பதால், நூல் வழிகாட்டிகளில் அலுமினாவோடு டைட்டானியா கலந்து பூசுகிறார்கள். அலுமினா கடினம் தருகிறது, டைட்டானியா உடையாத தன்மை தருகிறது.

மருத்துவமனைக்குள் நுழைந்தால் பிளாஸ்மா வேறு முகம் காட்டும். இடுப்பு மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சையில் தொடை எலும்புக்குள் இறக்கும் டைட்டானியத் தண்டின் மேல் ஹைட்ராக்சிஅபடைட் என்ற கால்சியம் பாஸ்பேட்டைத் தெளிக்கிறார்கள். நம் எலும்பிலும் பல்லிலும் உள்ள கனிமத்தின் நெருங்கிய உறவு அது. 1985இல் லண்டனில் ரொனால்ட் ஃபர்லாங் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர் இத்தகைய பூச்சுள்ள மூட்டுகளை நோயாளிகளுக்குப் பொருத்தத் தொடங்கினார். எலும்பு அந்தப் பூச்சை அந்நியமாகப் பார்க்காமல் நேராக அதன் மேல் வளர்ந்து பிடித்துக்கொண்டது. எலும்பு சிமெண்ட் இல்லாமலே மூட்டு உறுதியாக நின்றது. ஆனால் பிளாஸ்மாவின் சூடு இங்கே சற்று மிஞ்சினாலும் கேடு. ஹைட்ராக்சிஅபடைட் சிதைந்து வேறு பாஸ்பேட்டுகளாக மாறும், அவை உடலுக்குள் சீக்கிரம் கரைந்துவிடும். எல்லாவற்றையும் உருக்கக்கூடிய வெப்பம் எல்லாப் பொருளுக்கும் நல்லதல்ல என்ற சிக்கல் இங்கேயும் தலைகாட்டுகிறது.

அந்தச் சிக்கல் மிகக் கடுமையாக வெளிப்பட்டது டங்ஸ்டன் கார்பைடில். இதன் பூச்சு ஒரு கூட்டு: கார்பைடுத் துகள்கள் கடினமானவை, ஆனால் உடையக்கூடியவை, அவற்றைச் சூழ்ந்து பிடித்திருக்கும் கோபால்ட் மென்மையானது, ஆனால் விட்டுக்கொடுக்காதது. இரண்டும் தத்தம் குணத்தோடு இருக்கும்வரைதான் பூச்சுக்கு மதிப்பு. பிளாஸ்மாவின் சூட்டில் கார்பைடு கார்பனை இழந்து கோபால்ட்டுக்குள் கரையத் தொடங்குகிறது. எஞ்சுவது கண்ணாடிபோல் நொறுங்கும் கலவை. ஆக, உருக்குவது அல்ல, உருக்காமல் ஒட்ட வைப்பதுதான் இங்கே தேவை. உருகாத துகள் எப்படிப் பரவும்? வேகத்தால்.

அமெரிக்காவின் யூனியன் கார்பைடு நிறுவனம் 1950களிலேயே ஒரு வழி கண்டது. நீண்ட குழலுக்குள் அசெட்டிலினையும் ஆக்சிஜனையும் நிரப்பி, பொடியைத் தூவி, தீப்பொறியால் வெடிக்க வைப்பது. வெடிப்பின் அதிர்வலை பொடியைத் தள்ளிக்கொண்டு போய்ப் பரப்பில் அறையும். விநாடிக்குச் சில முறை இப்படி வெடிக்கும். நெடுநாள் அது அந்த நிறுவனத்தின் தனிச்சொத்தாகவே இருந்தது. பாகங்களை அவர்களிடம் அனுப்பித்தான் பூசிக்கொள்ள வேண்டும். சோவியத் நாட்டிலும் இத்தகைய வெடிப்புத் துப்பாக்கிகள் தனியே வளர்ந்தன. இந்தியாவில் ஹைதராபாத்தில் உள்ள ஏ.ஆர்.சி.ஐ. ஆய்வு மையம் இந்தத் தொழில்நுட்பத்தில் தேர்ந்து, அதை இந்திய நிறுவனங்கள் பலவற்றுக்குக் கைமாற்றிக் கொடுத்தது. அரசு ஆய்வகம் ஒன்று செய்த வேலை பட்டறை வரைக்கும் போய்ச் சேர்ந்த நல்ல உதாரணங்களில் இதுவும் ஒன்று.

1980களின் தொடக்கத்தில் நியூ ஹாம்ப்ஷயரைச் சேர்ந்த ஜேம்ஸ் பிரவுனிங் வெடிப்பை நிறுத்திவிட்டுத் தொடர் சுடரைப் பிடித்துக்கொண்டார். ஒரு சிறிய அறையில் எரிபொருளையும் ஆக்சிஜனையும் உயர் அழுத்தத்தில் எரியவிட்டு, குறுகிய குழல் வழியே வெளியேற்றினால், ராக்கெட்டின் வாலில் வருவதைப்போன்ற மீஒலிவேகத் தாரை கிடைக்கும். எச்.வி.ஓ.எஃப். என்று உலகமெங்கும் அழைக்கப்படும் முறை இதுதான். சுடரின் வெப்பம் சுமார் 3,000 டிகிரி. பிளாஸ்மாவோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. துகளின் வேகமோ விநாடிக்கு 500 முதல் 800 மீட்டர். துப்பாக்கி முனையிலிருந்து பரப்புவரை துகள் பறக்கும் நேரம் ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. கார்பைடு கெடுவதற்கு அவகாசமே கிடையாது. கோபால்ட் மட்டும் இளகி ஒட்டிக்கொள்கிறது. துளைகள் ஒரு சதவீதத்தை ஒட்டியே இருக்கும். ஒட்டும் வலிமையைச் சோதிக்கப் பூச்சின் மேல் பசை தடவி இழுத்துப் பார்ப்பது வழக்கம்; நல்ல எச்.வி.ஓ.எஃப். பூச்சில் முதலில் விடுவது பசைதான், பூச்சு அல்ல. ஜாக்ரியின் டர்பைன் பாகங்களில் இருப்பது இந்தப் பூச்சு: 86 பங்கு டங்ஸ்டன் கார்பைடு, 10 பங்கு கோபால்ட், துருவைத் தடுக்க 4 பங்கு குரோமியம்.

இதே பூச்சு இன்னொரு பெரிய வேலையும் செய்துகொண்டிருக்கிறது. விமானத்தின் தரையிறங்கு கால்களில் பளபளக்கும் தண்டுகளுக்குப் பல்லாண்டுகளாகக் குரோமிய முலாம்தான் போட்டுவந்தார்கள். முலாம் போடும் தொட்டியில் இருப்பது ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம். அதன் புகையைச் சுவாசிக்கும் தொழிலாளிக்கு நுரையீரல் புற்றுநோய் வரும் ஆபத்து உறுதியாகத் தெரிந்த ஒன்று. ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற லட்சம் டன்னுக்கும் மேலான கழிவுக் குவியலும், அதைச் சுற்றியுள்ள நிலத்தடி நீரின் மஞ்சள் நிறமும் தமிழக வாசகர்களுக்குப் புதிய செய்தி அல்ல. 2006இல் அமெரிக்கா, பணியிடக் காற்றில் இதற்கான வரம்பைக் கன மீட்டருக்கு 52 மைக்ரோகிராமிலிருந்து 5 ஆகக் குறைத்தது. ஐரோப்பாவில் 2017 செப்டம்பருக்குப் பிறகு குரோமியம் டிரையாக்சைடைத் தனி அனுமதியின்றிப் பயன்படுத்தமுடியாது.

அமெரிக்க ராணுவமும் விமான நிறுவனங்களும் 1990களிலிருந்து மாற்று தேடியபோது எச்.வி.ஓ.எஃப். முன்னே வந்து நின்றது. நச்சுத் தொட்டியைத் தவிர்க்கலாம் என்பது மட்டும் அல்ல அதன் பலம். முலாம் போடும்போது எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்து அதை உடையும் தன்மையாக்கிவிடும். அதை வெளியேற்ற 190 டிகிரி அடுப்பில் ஒரு நாள் போல வேக வைக்க வேண்டும். தெளித்த பூச்சுக்கு அந்த வேலையே இல்லை. குரோமியத்தைவிடக் கார்பைடு கடினம் என்பதால் எண்ணெய்க் கசிவு குறைந்தது, தேய்மானம் குறைந்தது. போயிங் 767-400 விமானத்தின் தரையிறங்கு கால்களில் இது முதலிலிருந்தே வடிவமைப்பில் சேர்ந்தது.

ஆனாலும் குரோமியத் தொட்டிகள் முற்றாக மறையவில்லை. தெளிப்புக்கு ஒரு பிடிவாதம் உண்டு: துப்பாக்கி எதைப் பார்க்கிறதோ அதை மட்டும்தான் அதனால் பூசமுடியும். குறுகிய துளையின் உட்சுவர், வளைந்த குழாயின் உள்ளே, அடுத்த தகட்டின் நிழலில் மறைந்த மூலை ஆகியவை அதற்கு எட்டாது. தொட்டித் திரவமோ எல்லா இடத்திலும் நுழையும். சிறிய துப்பாக்கிகளைச் செய்து இந்தக் குறையைக் குறைத்துவருகிறார்கள். கார் எஞ்சினின் சிலிண்டருக்குள் சுழன்றுகொண்டே உட்சுவரில் இரும்பைத் தெளிக்கும் கருவிகள் வந்துவிட்டன. நிஸான், மெர்சிடஸ் போன்ற நிறுவனங்கள் அலுமினிய எஞ்சினுக்குள் கனமான வார்ப்பிரும்புக் குழாயைச் செருகாமல், மயிரிழைக் கனப் பூச்சோடு நிறுத்திக்கொள்ள இது வழிசெய்தது. அந்தப் பூச்சின் நுண்துளைகளில் எண்ணெய் தங்கி உராய்வைக் குறைக்கிறது.

தெளிக்கும் அறைக்குள் மனிதர்கள் நிற்கமுடியாது என்பதையும் சொல்ல வேண்டும். எச்.வி.ஓ.எஃப். துப்பாக்கியின் சத்தம் 130 டெசிபலை எட்டும்; பிளாஸ்மாவின் புற ஊதா ஒளி கண்ணைச் சுட்டுவிடும்; காற்றில் மிதக்கும் கோபால்ட் பொடி நுரையீரலுக்கு ஆகாது. ஆகவே ஒலி புகாத அறை, ரோபோ கை, தூசியை இழுக்கும் வடிகட்டி எல்லாம் இருந்தால்தான் தொழில். துத்தநாகம் தெளிக்கும் சிறு பட்டறைகளில் இந்த வசதிகள் பல நேரம் இருப்பதில்லை. அங்கே முகமூடி இல்லாமல் வேலை செய்பவருக்கு மாலையில் வரும் குளிர்க்காய்ச்சல் துத்தநாகப் புகையால் வருவது. நல்ல வடிகட்டி முகமூடி பூச்சுச் செலவில் ஒரு சிறு பங்குதான். அதை வாங்கிக் கொடுக்காததற்கு எந்த நியாயமும் கிடையாது.

சூட்டைக் குறைத்து வேகத்தைக் கூட்டும் இந்தப் பாதை எங்கே முடியும் என்பதற்கு விடை, எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 1980களில் சைபீரியாவின் நோவோசிபிர்ஸ்க் நகரில், அனடோலி பாப்பிரின் குழுவினர் மீஒலிவேகக் காற்றுச் சுரங்கத்தில் துகள்கள் எப்படிப் பாய்கின்றன என்று ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். துகள்கள் குறிப்பிட்ட வேகம்வரை, வைத்திருந்த மாதிரியில் மோதித் தெறித்தன, மாதிரியைச் சிராய்த்தன. அந்த வேகத்தைத் தாண்டியதும் ஒட்டத் தொடங்கின. உருகவே இல்லை. திட உலோகத் துகள், மோதும் விசையில் பிதுங்கி விரிந்து, மேலே உள்ள ஆக்சைடுத் தோல் கிழிந்து, உலோகத்தோடு உலோகம் நேராகச் சேர்ந்துகொண்டது. செம்புக்கு அந்த எல்லை விநாடிக்கு ஏறக்குறைய 500 மீட்டர். குளிர்த் தெளிப்பு என்ற புதிய துறை இப்படிப் பிறந்தது. வாயுவைச் சூடாக்குவது உண்டு, ஆனால் துகளை உருக்க அல்ல. வாயு இன்னும் வேகமாகப் பாய்வதற்காக.

சூடு படாததால் ஆக்சிஜனேற்றம் இல்லை, பொருளின் குணம் மாறுவதில்லை. வெல்டிங் வைத்தால் கெட்டுவிடும் மெக்னீசியத்துக்கு இது பெரிய வரம். அமெரிக்க ராணுவம், துருவேறித் தூக்கிப்போடும் நிலையில் இருந்த ஹெலிகாப்டர் கியர்பெட்டி உறைகளின் மேல் அலுமினியத்தைக் குளிர்த் தெளிப்பால் நிரப்பி, கடைந்து, திரும்பவும் பறக்க வைத்தது. பீங்கானைத் தனியே இப்படிப் பூசமுடியாது. அது நெளியாது, நொறுங்கும். அலுமினியப் பொடியோடு அலுமினாப் பொடியைக் கலந்தால் போதும். அலுமினா, தான் தங்கும் இடத்தில் பூச்சைக் கடினமாக்குகிறது, தங்காமல் தெறிக்கும் இடத்திலும் கீழே உள்ள அடுக்கைச் சம்மட்டியடித்து இறுக்கிவிட்டுப் போகிறது.

கனடாவில் இதைப் பெரிய பொறுப்புக்குத் தயார்செய்துகொண்டிருக்கிறார்கள். அணுஉலைகளில் தீர்ந்த எரிபொருளை நிலத்தின் ஆழத்தில் புதைக்க, எஃகு உருளைகளின் வெளிப்புறத்தில் 3 மில்லிமீட்டர் கனத்துக்குச் செம்பு போர்த்துவது அந்நாட்டு அணுக்கழிவு மேலாண்மை அமைப்பின் திட்டம். ஆழத்தில், ஆக்சிஜன் இல்லாத இடத்தில் செம்பு மிக மிக மெதுவாகவே அரிபடும். உருளையின் பெரும்பகுதிக்கு மின்முலாமாகச் செம்பைப் படியவைக்கலாம். ஆனால் கதிரியக்க எரிபொருளை உள்ளே வைத்து மூடி வெல்டிங் செய்தபிறகு, அந்த மூட்டின் மேல் மட்டும் செம்பு இல்லாமல் ஒரு வளையம் எஞ்சும். எரிபொருள் இருக்கும் உருளையை முலாம் தொட்டியில் இறக்கமுடியாது. அங்கேதான் குளிர்த் தெளிப்பு. ஆள் அருகில் போகாமல் ரோபோ கையே அந்த வளையத்தை மூடிவிடும். இதில் ஒரே தொல்லை, இப்படி அறைந்து சேர்த்த செம்பு தெளித்த நிலையில் விறைத்திருக்கும், வளையாமல் விரிசல் விடும். அதனால் கடைசியில் அந்த வளையத்தை மட்டும் சில நூறு டிகிரிக்குச் சூடாக்கி, மெதுவாக ஆறவிட்டு, செம்பைப் பழைய மென்மைக்குக் கொண்டுவருகிறார்கள். பிறகு உபரியைக் கடைந்து, மீயொலி அலையால் உள்ளே விரிசல் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள்.